கவுன்சில் வேலையில் நேரத்தை மாற்றிக் கேட்பது: விண்ணப்பம் முதல் ஒப்பந்தம் வரை

பிரிட்டனில் கவுன்சில் எனப்படும் உள்ளாட்சி அமைப்பின் வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் வேலைநேரத்தை மாற்ற நினைத்தால் முதலில் செய்வது மேனேஜரிடம் வாயால் கேட்பதுதான். நல்ல மேனேஜர் என்றால் "சரி, பார்த்துக்கொள்ளலாம்" என்பார். ஏற்பாடு சில மாதம் நன்றாகவே ஓடும். பிறகு அவர் வேறு பிரிவுக்குப் போவார். புதிதாக வருபவர் ஒப்பந்தத்தைப் புரட்டிப் பார்த்து, "இதில் வாரம் ஐந்து நாள் என்றுதானே இருக்கிறது?" என்பார். அன்றோடு ஏற்பாடு முடிந்தது. பிள்ளையைப் பள்ளியில் விடுவதையும் பெற்றோரை மருத்துவமனைக்கு அழைத்துப் போவதையும் அந்த வாய்வார்த்தையை நம்பித் திட்டமிட்டவர்கள் அதன்பின் படும் பாடு சாதாரணமானதல்ல.

எழுத்தில் கேளுங்கள், எழுத்தில் பதில் வாங்குங்கள், ஒப்பந்தத்தில் ஏற்றுங்கள். வேலைநேரத்தையோ இடத்தையோ மாற்றக் கேட்கும் 'ஃபிளெக்சிபிள் வொர்க்கிங்' என்ற சட்ட உரிமை இருக்கிறது. கீழே இருப்பதெல்லாம் அதைப் பயன்படுத்தும் வழிதான். இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்து மூன்றிலும் சட்டம் ஒன்று. வட அயர்லாந்தில் பழைய விதியே நீடிக்கிறது: 26 வார வேலை முடிந்திருக்க வேண்டும், 12 மாதத்துக்கு ஒரு விண்ணப்பம்தான்.

1. உங்களுக்கு இந்த உரிமை உண்டா?

2024 ஏப்ரல் 6 முதல், வேலையில் சேர்ந்த முதல் நாளிலேயே விண்ணப்பிக்கலாம். "புரபேஷன் முடியட்டும்" என்று யாராவது சொன்னால் அது பழைய பழக்கம், சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 12 மாதத்துக்குள் இரண்டு முறை கேட்கலாம். ஆனால் ஒரே நேரத்தில் ஒரு விண்ணப்பம்தான் நிலுவையில் இருக்கலாம்.

நீங்கள் ஊழியராக இருக்க வேண்டும் என்பது முக்கியம். கவுன்சில் அலுவலகத்தில் அமர்ந்து வேலை செய்தாலும் சம்பளம் ஏஜென்சி வழியாக வந்தால், பொதுவாக இந்த உரிமை உங்களுக்கு இல்லை. பேஸ்லிப்பின் தலைப்பில் யார் பெயர் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். பள்ளியில் வேலை செய்பவர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. ஒப்பந்தத்தில் கவுன்சில் பெயர் இருந்தாலும், முடிவெடுப்பது பெரும்பாலும் பள்ளி நிர்வாகக் குழு. அகாடமி (கவுன்சிலின் கீழ் வராமல் தனி அறக்கட்டளை நடத்தும் அரசு நிதிப் பள்ளி) என்றால் கவுன்சிலுக்குச் சம்பந்தமே இல்லை. கடிதம் தவறான இடத்துக்குப் போனால் வாரங்கள் வீணாகும்.

உடல்நிலை அல்லது மாற்றுத்திறன் காரணமாக நேரத்தை மாற்ற வேண்டியவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. உங்களுக்கு 2010 சமத்துவச் சட்டத்தின் கீழ் 'ரீசனபிள் அட்ஜஸ்ட்மென்ட்' (வேலை தருபவர் உங்களுக்காகச் செய்ய வேண்டிய நியாயமான மாற்றம்) என்ற தனி வழி இருக்கிறது. அது இந்த வழியைவிட வலுவானது. வருடத்துக்கு இரண்டு என்ற கட்டுப்பாடு கிடையாது. கீழே வரும் எட்டுக் காரணங்களில் ஒன்றை மட்டும் காட்டி மறுக்கவும் முடியாது. ஒரே கடிதத்தில் இரண்டையும் கேட்கலாம். ஆனால் இரண்டையும் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

2. என்ன மாற்றம் வேண்டும் என்பதை எண்ணால் எழுதுங்கள்

"கொஞ்சம் நேரம் தளர்வாக இருந்தால் நல்லது" என்பது விண்ணப்பம் அல்ல. நாள், தொடங்கும் நேரம், முடியும் நேரம், இடம் எல்லாம் வேண்டும்.

பெரும்பாலான கவுன்சில்கள் 'கிரீன் புக்' எனப்படும் தேசிய ஒப்பந்தத்தைப் பின்பற்றுகின்றன. அதில் முழுநேரம் என்றால் வாரம் 37 மணிநேரம், லண்டனில் 36. இதை வைத்துக் கணக்குப் போடுங்கள்:

- மணிநேரம் குறையாமல் நான்கு நாளில் முடிப்பது: 37 மணி என்றால் நாளுக்கு 9 மணி 15 நிமிடம். 36 என்றால் சரியாக 9 மணி.
- இரண்டு வாரத்துக்கு ஒரு நாள் விடுமுறை: 74 மணியை ஒன்பது நாளில் பிரித்தால் நாளுக்கு ஏறக்குறைய 8 மணி 13 நிமிடம். லண்டனில் 72-ஐப் பிரித்தால் 8 மணி.
- மணிநேரத்தைக் குறைப்பது: முழுநேரத்தில் 0.8 பங்கு என்றால் 29.6 மணி, 0.6 என்றால் 22.2 மணி.
- ஒரு வேலையை இருவர் பகிர்வது, பள்ளி நாட்களில் மட்டும் வேலை, வருட மணிநேரக் கணக்கு, ஷிப்ட் தொடக்கத்தைத் தள்ளிவைப்பது, வாரத்தில் சில நாள் வீட்டிலிருந்து வேலை.

உணவு இடைவேளை இந்த மணிநேரத்தில் சேராது. 9 மணி 15 நிமிட வேலை, அரைமணி இடைவேளை, பயணம் எல்லாம் சேர்த்தால் காலை ஏழரைக்குக் கிளம்பி மாலை ஆறரைக்கு வீடு திரும்புகிற நாள் அது. குழந்தைக் காப்பகம் ஆறு மணிக்கு மூடினால் இந்த ஏற்பாடு உதவாது. கேட்டு வாங்கியபின் இதைக் கண்டுபிடிப்பதில் பயனில்லை. ஆறு மணிநேரத்துக்கு மேல் வேலை என்றால் குறைந்தது 20 நிமிட இடைவேளையும், இரண்டு வேலைநாளுக்கு நடுவே 11 மணிநேர ஓய்வும் சட்டப்படி கிடைக்க வேண்டும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

சவுத் கேம்பிரிட்ஜ்ஷர் மாவட்ட கவுன்சில் 2023 ஜனவரியில் தொடங்கிய நான்கு நாள் வாரத்தைப் பலர் உதாரணமாகக் காட்டுகிறார்கள். அங்கே சம்பளம் குறையாமல் மணிநேரம் குறைந்தது, அதுவும் கவுன்சில் முழுவதற்கும் எடுத்த முடிவு. தனி ஒருவர் விண்ணப்பத்தில் அதை முன்மாதிரியாகக் காட்டினால் மேனேஜர் பயந்துவிடுவார். நீங்கள் கேட்பது அதே மணிநேரத்தைக் குறைந்த நாட்களில் அடுக்குவதா, சம்பளத்தோடு மணிநேரத்தையும் குறைப்பதா என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள்.

ஒன்று சொல்லியே ஆக வேண்டும். நெகிழ்வான வேலைநேரம் என்றதும் எல்லாரும் மடிக்கணினியையே நினைக்கிறார்கள். குப்பை வண்டி, பராமரிப்பு இல்லம், நூலகம், பள்ளிச் சமையலறை போன்ற இடங்களில் இருப்பவர்கள் "நமக்கு இது பொருந்தாது" என்று கேட்காமலே விட்டுவிடுகிறார்கள். உரிமை அவர்களுக்கும் அதேதான். ஷிப்ட் அரைமணி தள்ளுவது, ரோட்டாவை (ஷிப்ட் அட்டவணையை) நான்கு வாரம் முன்பே தருவது, நிலையான விடுப்பு நாள் ஒன்று வைப்பது எல்லாம் கேட்கத் தகுந்தவை. சிறியதாகக் கேட்பதால் கிடைக்கும் வாய்ப்பும் அதிகம்.

3. பணக்கணக்கைப் போட்டுப் பாருங்கள்

விண்ணப்பத்துக்குக் கட்டணம் எதுவும் இல்லை. செலவு சம்பளத்தில்தான் வரும், மணிநேரம் குறைந்தால் மட்டும்.

இங்கிலாந்தில் வருடம் 30,000 பவுண்டு வாங்குகிறவர் 0.8-க்குப் போனால் மொத்தச் சம்பளம் 24,000 ஆகும். மாதம் 500 பவுண்டு போகும் என்று பலரும் அஞ்சி நின்றுவிடுகிறார்கள். வரி, தேசியக் காப்பீடு, ஓய்வூதியப் பிடித்தம் மூன்றும் சேர்ந்து குறைவதால் கைக்கு வருவது அந்த அளவு குறையாது. 12,570 பவுண்டு வரிவிலக்கு, 20 சதவீத வரி, 8 சதவீத காப்பீடு, எல்.ஜி.பி.எஸ். எனப்படும் உள்ளாட்சி ஊழியர் ஓய்வூதியத் திட்டத்துக்கு 6.5 சதவீதத்திலிருந்து 5.8 சதவீதமாக இறங்கும் பிடித்தம் என்று போட்டால், கைச்சம்பளம் வருடம் சுமார் 23,560-லிருந்து 19,690-க்கு வருகிறது. மாதம் சுமார் 323 பவுண்டு. சதவீதத்தில் பார்த்தால் 20 அல்ல, 16-ஐ ஒட்டி. மாணவர் கடன் பிடித்தம் இருந்தால் வித்தியாசம் இன்னும் குறையும்.

ஓய்வூதியம்: இங்கிலாந்து, வேல்ஸ் எல்.ஜி.பி.எஸ். திட்டத்தில் 2014 ஏப்ரலுக்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் அந்த வருடச் சம்பளத்தில் 49-இல் ஒரு பங்கு உங்கள் கணக்கில் சேரும். 30,000-க்கு 612 பவுண்டு, 24,000-க்கு 490. இனிமேல் சேர்வதுதான் குறையும், ஏற்கெனவே சேர்ந்தது அப்படியே இருக்கும். 2014-க்கு முந்தைய சேவை உள்ளவர்களுக்கு அந்தப் பகுதி முழுநேரச் சம்பளத்துக்குச் சமமான தொகையை வைத்தே கணக்கிடப்படும். கவனிக்க வேண்டியது வேலையிலிருக்கும்போது இறந்தால் குடும்பத்துக்குப் போகும் தொகை. அது மூன்று வருடச் சம்பளம், குறைந்த சம்பளத்தின்படிதான்.

55 வயதைக் கடந்தவர்கள் மணிநேரத்தைக் குறைத்துக்கொண்டு ஓய்வூதியத்தையும் எடுக்கத் தொடங்கலாம். இது 'ஃபிளெக்சிபிள் ரிடையர்மென்ட்'. கவுன்சில் சம்மதம் வேண்டும், முன்கூட்டியே எடுப்பதால் தொகையும் குறையும். 2028 ஏப்ரல் முதல் இந்த வயது 57. இதற்குத் தனிப் படிவம் உண்டு. மணிநேரக் குறைப்பை முதலில் வாங்கிவிட்டுப் பிறகு இதைக் கேட்டால் சிக்கலாகும், ஏனென்றால் குறைப்பும் ஓய்வூதியமும் ஒன்றோடொன்று இணைந்தவை. இரண்டையும் சேர்த்தே கேளுங்கள்.

மூன்று பொறிகள்:

குழந்தைப் பராமரிப்பு உதவி. இங்கிலாந்தில் 30 மணிநேர இலவசப் பராமரிப்பு, வரியில்லாக் குழந்தைப் பராமரிப்புக் கணக்கு இரண்டுக்கும் வாரம் 16 மணிநேரக் குறைந்தபட்ச ஊதிய அளவாவது சம்பாதிக்க வேண்டும். அதற்குக் கீழே இறங்கினால் இரண்டும் போகும்.

ஆட்குறைப்பு இழப்பீடு. அது அப்போதைய வாரச் சம்பளத்தை வைத்தே கணக்கிடப்படுகிறது. பத்து வருடம் முழுநேரம் பார்த்துவிட்டுக் கடைசி ஆறு மாதம் பாதிநேரம் பார்த்தவருக்குப் பாதிச் சம்பளத்தில்தான் கணக்கு. உங்கள் பிரிவில் ஆட்குறைப்புப் பேச்சு இருந்தால், மணிநேரத்தைக் குறைப்பதற்கு முன் யூனியனிடம் பேசுங்கள்.

விசா. ஸ்பான்சர்ஷிப்பில் வேலை செய்பவர்கள் மணிநேரத்தைக் குறைத்தால் சம்பளம் விசா வரம்புக்குக் கீழே போகலாம். வேலை இடம் அலுவலகத்திலிருந்து வீட்டுக்கு மாறினாலும் கவுன்சில் அதை உள்துறைக்குத் தெரிவிக்க வேண்டியிருக்கலாம். கடிதம் எழுதுவதற்கு முன்பே எச்.ஆர். பிரிவில் ஸ்பான்சர்ஷிப்பைக் கவனிப்பவரிடம் எழுத்தில் கேட்டுவிடுங்கள். இதில் அவசரப்பட்டவர்களுக்குப் போவது வேலை மட்டுமல்ல.

4. கையில் வைத்திருக்க வேண்டியவை

வேலை ஒப்பந்தம், வேலை விவரத் தாள், கடைசி மூன்று பேஸ்லிப், ஆகஸ்ட் 31-க்குள் ஆண்டுதோறும் வரும் ஓய்வூதிய அறிக்கை, பிரிவின் ரோட்டா. உடல்நிலை காரணம் என்றால் ஆக்குபேஷனல் ஹெல்த் (ஊழியர் உடல்நலப் பிரிவு) அறிக்கையும் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, கவுன்சிலின் சொந்தக் கொள்கை ஆவணம். அது இன்ட்ராநெட்டில் இருக்கும். பல கவுன்சில்களில் அது சட்டத்தைவிடத் தாராளமாக இருக்கும், உதாரணமாக மேல்முறையீட்டு உரிமை. சட்டம் அதைக் கட்டாயமாக்கவில்லை, வேலைத் தகராறுகளில் சமரசம் செய்யும் ஏகாஸ் (Acas) அமைப்பின் நடைமுறைக் குறிப்பு பரிந்துரைக்கிறது. கொள்கையில் எழுதியிருந்தால் கவுன்சில் அதைப் பின்பற்றியாக வேண்டும் என்று நீங்கள் வாதாடலாம்.

5. "வேலை எப்படி நடக்கும்" என்று ஒரு பக்கம்

முடிவைத் தீர்மானிப்பது இந்தப் பக்கம்தான். மாற்றத்தின் விளைவை விளக்க வேண்டும் என்ற பழைய கட்டாயம் 2024-இல் நீக்கப்பட்டது. ஆனாலும் எழுதுங்கள். மேனேஜருக்கு எச்.ஆரிடம் காட்ட ஏதாவது வேண்டும். நீங்கள் தரவில்லை என்றால் அவர் மனத்தில் உள்ள பயமே காரணமாக எழுதப்படும்.

மறுக்கச் சட்டம் அனுமதிக்கும் காரணங்கள் எட்டுதான்: கூடுதல் செலவு, பொதுமக்கள் தேவையை நிறைவேற்ற முடியாமை, மற்றவர்களிடையே வேலையைப் பிரிக்க முடியாமை, புதியவரை எடுக்க முடியாமை, தரம் குறைதல், செயல்திறன் குறைதல், நீங்கள் கேட்கும் நேரத்தில் போதிய வேலை இல்லாமை, திட்டமிட்ட அமைப்பு மாற்றம். உங்கள் வேலைக்கு இதில் எது பொருந்தும் என்று பார்த்து, அதற்கு முன்கூட்டியே பதில் எழுதுங்கள்.

கவுன்சிலில் அடிக்கடி வருவது "பொதுமக்கள் தேவை". இதற்கு உணர்ச்சியால் பதில் சொல்ல முடியாது, தரவுதான் பேசும். தொலைபேசி அழைப்புகள் எந்த நாள், எந்த மணிக்கு அதிகம் என்ற அறிக்கை உங்கள் பிரிவிலேயே இருக்கும். திங்கள் காலை நெரிசல் என்றால் திங்களை விடுப்பு நாளாகக் கேட்காதீர்கள். கட்டடத் திட்ட அனுமதிப் பிரிவு என்றால், இங்கிலாந்தில் சிறிய விண்ணப்பத்துக்கு 8 வாரம், பெரியதற்கு 13 வாரம் என்ற கெடு எப்படிக் காக்கப்படும் என்று எழுதுங்கள். தகவல் கோரிக்கைகளைக் கையாள்பவர் என்றால் 20 வேலைநாள் கெடு. நீங்கள் இல்லாத நாளில் வரும் கோப்பை யார் திறப்பார், எந்தப் பகிர்ந்த மின்னஞ்சல் பெட்டிக்கு வரும், அவசரம் என்றால் யாரை அழைப்பது என்று பெயர் சொல்லுங்கள். அந்தப் பெயருக்கு உரியவரிடம் முன்பே சம்மதம் கேட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் கூட்டத்தில் அவர் முகம் சுளிப்பதோடு உங்கள் பக்கம் பலவீனமாகும்.

"தரம் குறையும்" என்பதற்கு, மூன்று மாதப் பரிசோதனைக் காலம் ஒன்றை நீங்களே முன்வையுங்கள். எதை அளப்பது, எந்தத் தேதியில் பார்ப்பது என்பதையும் எழுதுங்கள். அளவுகோல் இல்லாத பரிசோதனை யாருடைய அபிப்பிராயத்துக்கும் பலியாகும்.

வேலைப் பகிர்வு கேட்பவர்கள் கூட்டாளி விலகினால் என்ன ஆகும் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். வீட்டிலிருந்து வேலை என்றால் வாடிக்கையாளர் விவரங்கள் வீட்டில் யார் கண்ணிலும் படாமல் எப்படி வைத்திருப்பீர்கள் என்று ஒரு வரி போதும். ஊருக்குப் போய் அங்கிருந்து சில வாரம் வேலை செய்யும் எண்ணத்தை இந்த விண்ணப்பத்தில் கலக்க வேண்டாம். வெளிநாட்டிலிருந்து லாகின் செய்வதற்குத் தனி அனுமதி வேண்டும். கேட்காமல் செய்தால் ஒழுங்கு நடவடிக்கை வரை போகும்.

6. விண்ணப்பத்தில் கட்டாயம் இருக்க வேண்டியவை

கடிதமோ மின்னஞ்சலோ, எழுத்தில் இருக்க வேண்டும். கீழே உள்ளதில் ஒன்று விடுபட்டாலும் அது சட்டப்படியான விண்ணப்பம் அல்ல என்று தள்ளலாம்:

- தேதி.
- இது 1996 வேலை உரிமைச் சட்டத்தின் கீழான ஃபிளெக்சிபிள் வொர்க்கிங் விண்ணப்பம் என்ற வாசகம்.
- கேட்கும் மாற்றம், எந்தத் தேதியிலிருந்து.
- முன்பு விண்ணப்பித்திருக்கிறீர்களா, எப்போது. இல்லையென்றால் "இல்லை" என்று எழுத வேண்டும். பலரும் விடுவது இந்த வரியைத்தான்.

காரணம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் குழந்தை, முதிய பெற்றோர், உடல்நிலை என்று இருந்தால் சொல்வது நல்லது. பின்னால் சமத்துவச் சட்டத்தின் கீழ் பேச வேண்டிவந்தால் "அவர்களுக்குத் தெரிந்திருந்தது" என்பதற்கு அதுவே சான்று. கவுன்சிலின் ஆன்லைன் படிவத்தில் அனுப்பினாலும் ஒரு பிரதியைச் சொந்த மின்னஞ்சலில் வைத்துக்கொள்ளுங்கள்.

7. எப்போது அனுப்புவது

விண்ணப்பித்ததிலிருந்து இரண்டு மாதத்துக்குள், மேல்முறையீடும் சேர்த்து, முடிவு வர வேண்டும். நீங்கள் சம்மதித்தால்தான் நீட்டிக்கலாம். சம்பளப் பிரிவு மாத நடுவிலேயே கணக்கை மூடுவது வழக்கம் என்பதால், மாற்றம் தொடங்க வேண்டிய தேதிக்கு மூன்று மாதம் முன்பே அனுப்புங்கள்.

கவுன்சிலின் நாட்காட்டியையும் பாருங்கள். மார்ச் 11-க்குள் கவுன்சில் வரியை நிர்ணயிக்க வேண்டும் என்பதால் வரி, நிதிப் பிரிவுகளில் பிப்ரவரி, மார்ச் கேட்பதற்கு ஏற்ற காலம் அல்ல. தேர்தல் பிரிவில் ஏப்ரலும் மே மாதத் தொடக்கமும் அப்படியே. மாறாக, இலையுதிர் காலத்தில் அடுத்த ஆண்டு பட்ஜெட்டுக்குச் சேமிப்பு தேடுவார்கள். மணிநேரக் குறைப்புக் கோரிக்கைக்கு அப்போது காது கொடுப்பார்கள்.

8. கூட்டம்

உங்களோடு கலந்து பேசாமல் மறுக்க முடியாது. கூட்டத்துக்கு அழைத்தால் கட்டாயம் போங்கள். முதல் கூட்டத்துக்கும் மாற்றிவைத்த கூட்டத்துக்கும் தக்க காரணமின்றிப் போகவில்லை என்றால், விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றதாகவே எடுத்துக்கொள்ளலாம். யூனிசன், ஜி.எம்.பி., யுனைட் ஆகிய தொழிற்சங்கங்களில் எதில் உறுப்பினராக இருந்தாலும் பிரதிநிதியைக் கூட அழைத்துச் செல்லக் கேளுங்கள்.

கேட்டதற்கு அடுத்தபடியாக எதை ஏற்பீர்கள் என்பதை முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். புதன்கிழமை முடியாது என்றால் வெள்ளியா, இரண்டு நாள் வீட்டிலிருந்து முடியாது என்றால் ஒன்றா? அவர்கள் மாற்று யோசனை சொன்னால் அங்கேயே தலையாட்ட வேண்டாம். இரண்டு நாள் அவகாசம் கேளுங்கள். கூட்டம் முடிந்த அன்றே, பேசியதைச் சுருக்கி மேனேஜருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள்.

9. மறுத்தால்

மறுப்பில் எட்டுக் காரணங்களில் எது என்று இருக்கிறதா பாருங்கள். "மற்றவர்களும் கேட்பார்கள்" என்பது அந்த எட்டில் இல்லை. "எல்லாரும் அலுவலகம் வர வேண்டும் என்பது மேலிடத்து முடிவு" என்பதும் இல்லை. கொள்கையில் உள்ள கெடுவுக்குள் மேல்முறையீடு செய்து, அவர்கள் சொன்ன உண்மைத் தகவல் எங்கே தவறு என்பதைக் காட்டுங்கள்.

அதுவும் போனால் தொழில் தீர்ப்பாயம். முதலில் ஏகாஸ் சமரசத்துக்குப் பதிவு செய்ய வேண்டும், இரண்டுக்கும் கட்டணம் இல்லை. கெடு, மூன்று மாதத்துக்கு ஒரு நாள் குறைவு என்றே வைத்துக்கொள்ளுங்கள். தேதி தவறினால் நல்ல வழக்கும் நிற்காது. இங்கே எதிர்பார்ப்பை அளவாக வையுங்கள்: நடைமுறை மீறலுக்கு அதிகபட்ச இழப்பீடு எட்டு வாரச் சம்பளம், அதிலும் வாரச் சம்பளத்துக்கு உச்சவரம்பு உண்டு. 2025-26-இல் அது 719 பவுண்டு. தாய்மார்கள், மாற்றுத்திறனாளிகள் போன்றோர் விஷயத்தில் பாகுபாட்டு வழக்குக்கு அந்த வரம்பு கிடையாது. ஆகவே எந்த வழக்கு என்பதை யூனியன் வழக்கறிஞரோடு பேசி முடிவு செய்யுங்கள். விண்ணப்பித்ததற்காகவே உங்களைப் பழிவாங்கினால் அது தனிக் குற்றச்சாட்டு.

10. ஒப்புக்கொண்டால்

மகிழ்ச்சியில் இந்தப் படியைத் தவறவிடுபவர்கள் அதிகம். ஒப்பந்த மாற்றக் கடிதம் கைக்கு வரும்வரை விடாதீர்கள். அதில் மணிநேரம், நாட்கள், இடம், தொடங்கும் தேதி, இது நிரந்தரமா தற்காலிகமா என்பது இருக்க வேண்டும். ஒன்றும் சொல்லவில்லை என்றால் நிரந்தரம். முழுநேரத்துக்குத் திரும்பும் உரிமை தானாகக் கிடைக்காது. திரும்பும் எண்ணம் இருந்தால் முடியும் தேதியை இப்போதே எழுதச் சொல்லுங்கள்.

இங்கிலாந்தில் மாவட்ட, கவுண்டி கவுன்சில்களை இணைத்து ஒரே அடுக்காக்கும் வேலை நடந்துகொண்டிருக்கிறது. ஊழியர்கள் புதிய கவுன்சிலுக்கு மாற்றப்படும்போது ஒப்பந்தத்தில் உள்ளது கூடவே வரும். பழைய மேனேஜர் தலையாட்டிய ஏற்பாட்டைப் புதிய கவுன்சிலில் நிரூபிப்பது கடினம். அந்தக் கடிதத்துக்கு இப்போது இருக்கும் மதிப்பு இதனால்தான்.

விடுப்புக் கணக்கை மணிநேரத்தில் கேட்டு வாங்குங்கள், நாளில் அல்ல. இங்கிலாந்து, வேல்ஸில் எட்டுப் பொது விடுமுறைகள். வாரம் 37 மணி என்றால் நாளுக்கு 7.4 மணி வீதம் 59.2 மணி உங்கள் பங்கு, 0.8 என்றால் 47.36. 37 மணியையும் நான்கு நாளில் அடுக்கி வேலை செய்பவருக்கு விடுமுறை வேலைநாளில் விழுந்தால் 9.25 மணி கழியும், ஆக ஒவ்வொரு முறையும் 1.85 மணி உங்கள் ஆண்டு விடுப்பிலிருந்து போகும். நான்கு திங்கள் விடுமுறை என்றால் 7.4 மணி, வழக்கமான வேலைநாள் ஒன்று முழுதாக. திங்கள் வேலை செய்யாதவருக்கு அந்த விடுமுறைகளின் மணிநேரம் கணக்கில் மிச்சமாக நிற்கும். அதைத் தராமல் விட்டுவிடுவது சம்பளப் பிரிவில் அடிக்கடி நடக்கும் பிழை.

முதல் இரண்டு பேஸ்லிப்பைக் கடிதத்தோடு ஒப்பிடுங்கள்: மணிநேர விகிதம், ஓய்வூதியப் பிடித்தச் சதவீதம், வரிக் குறியீடு. கூடுதலாகச் சம்பளம் வந்திருந்தால் உடனே சொல்லுங்கள், செலவழித்தபின் அதைத் திரும்பப் பிடிப்பார்கள். மேனேஜர் மாறும் நாளில், அந்த ஒப்பந்தக் கடிதத்தை இணைத்துப் புதியவருக்கு நீங்களே முதல் வாரத்தில் மின்னஞ்சல் அனுப்புங்கள்.